சலீமா பீவி சொல்லாத சொல்

கடலூரில் அரபி மொழிபெயர்ப்பு என்றால் ஜமாலுதீன்தான். வளைகுடாவுக்குப் போகிற காகிதம் எதுவானாலும் அவர் கை பட்டுத்தான் போகும். மன்னிப்புக் கடிதத்துக்கென்று அவரிடம் ஒரு வாசகம் தயாராக இருந்தது: 'இறந்தவரின் வாரிசாகிய நான் முழு மனதோடு மன்னிக்கிறேன்.' பேரை மட்டும் மாற்றினால் போதும், மற்றதெல்லாம் ஈயடிச்சான் காப்பி. இருபது வருஷத்தில் யாரும் குறை சொன்னதில்லை.

சிதம்பரத்துக்கும் அப்படி ஒன்றை அச்சடித்து எடுத்துக்கொண்டுதான் போனார். கூட வந்த பச்சமுத்து கடல் தொழில் செய்கிறவர். அவர் மகன் சுரேந்தர் வளைகுடாவில் லாரியைப் பின்னால் எடுத்தபோது, சிதம்பரத்துப் பிள்ளை ஜாபிர் அடிபட்டு இறந்துபோனான். எட்டு மாதமாக சுரேந்தர் ஜெயிலில். ஜாபிரின் தாய் சலீமா பீவி எழுதிக் கொடுத்தால் வெளியே வரலாம். பச்சமுத்து வீட்டுக்குள் வர முகமில்லாமல் தெருமுனையிலேயே நின்றுகொண்டார்.

"அவன் வூட்டுக்குப் போவட்டும்ணே," என்றார் சலீமா பீவி. "அவனப் புடிச்சு வச்சிருந்தா எம்புள்ள வரப் போறானா?"

ஜமாலுதீன் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார். அந்த அம்மாள் பேனாவை வாங்கவில்லை.

"இதுல என்ன எழுதிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்கண்ணே."

இதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. படித்துச் சொன்னார்.

"மன்னிச்சேன்னு நான் சொல்லலையே. மன்னிக்க முடியல. உட்டுடுங்கன்னுதான சொன்னேன்?"

"எல்லாம் ஒண்ணுதான் தங்கச்சி. கோர்ட்டுக்கு இப்படித்தான் எழுதணும்."

"ஒண்ணுன்னா நான் சொன்னதயே எழுதுங்க."

அவருக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது, அப்புறம்தான் வெட்கம். அங்கேயே உட்கார்ந்து அரபியில் கையால் எழுதினார்: 'நான் மன்னிக்கவில்லை. ஆனால் தண்டனை வேண்டாம், அவனை விட்டுவிடுங்கள்.' படித்துக் காட்டினார். சலீமா பீவி கையெழுத்துப் போட்டார்.

விஷயத்தைக் கேட்ட பச்சமுத்துவின் முகம் செத்துப்போனது. "அந்தம்மாவுக்கு அரபி தெரியுமா பாய்? அந்த ஒரு வார்த்தைய நீங்களே போட்டுருக்கலாமே."

"எனக்குத் தெரியுமே பச்சமுத்து."

சொல்லிவிட்டாரே தவிர, கடலூர் வந்து சேரும்வரை அவர் அதையே நினைத்துக்கொண்டு வந்தார். சுரேந்தர் வராமல் போனால் அந்தப் பாவம் யார் தலையில் விடியும்?

இரண்டு மாதம் கழித்து வளைகுடா நீதிபதி சலீமா பீவியை வீடியோவில் கூப்பிட்டு, கோர்ட்டு மொழிபெயர்ப்பாளரை வைத்தே கேட்டார். மன்னித்தீர்களா? இல்லை. தண்டனை வேண்டுமா? வேண்டாம். காகிதத்திலும் அதுதான் இருந்தது. தண்டனை வேண்டாம் என்பதே போதும் என்று ஏற்றுக்கொண்டார்கள். பழைய வாசகம் போயிருந்தால், காகிதம் ஒன்று சொல்ல தாய் ஒன்று சொல்ல, எல்லாம் அன்றைக்கே கெட்டுக் குட்டிச்சுவராகியிருக்கும்.

சுரேந்தர் வந்து சேர்ந்த மறுநாள் பச்சமுத்து ஒரு கூடை வஞ்சிரத்தோடு வந்து நின்றார். அவரை அனுப்பிவிட்டு ஜமாலுதீன் பீரோவைத் திறந்து பழைய நகல்களை எடுத்தார். பத்தொன்பது மன்னிப்புக் கடிதங்கள், பத்தொன்பதிலும் ஒரே வரி. எத்தனை பேர் நிஜமாக மன்னித்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. அவர் கேட்டதே இல்லை.