நிற்கிற கப்பல்

“நிக்கிற கப்பல்ல அப்படி இன்னாடி வேலை கீது உங்க அண்ணனுக்கு?”

போன மாதம் அம்மா கேட்டது. கண்ணாடிப் பெட்டியின் மேல் படிந்த ஈரத்தைப் பழைய பனியனால் துடைத்துக்கொண்டிருந்த ஸ்நேகாவுக்கு அந்தக் கேள்விதான் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. பெட்டிக்குள் அம்மா பொன்னியம்மாள் நெற்றி நிறையத் திருநீறோடு படுத்திருந்தாள். துடைக்கத் துடைக்கக் கண்ணாடி மறுபடி மங்கியது.

அண்ணன் குமரவேல், ஒரு வெள்ளைக்காரத் தம்பதியின் பாய்மரப் படகில் வேலையாள். உலகத்தைச் சுற்றிவரக் கிளம்பிய படகு, இன்ஜினுக்கு ஒரு பார்ட் வரவேண்டும் என்று நாற்பத்து மூன்று நாளாகக் கொச்சித் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தது. அங்கிருந்து அனகாபுத்தூர் வீட்டுக்கு ஒரு ராத்திரிப் பயணம்தான். ஆனால் பார்ட் இன்றைக்கு வரும், நாளைக்கு வரும். வந்ததும் கிளம்பிவிடுவார்கள். அந்த நேரத்தில் இவன் இல்லாவிட்டால் வேறு ஆள்.

அம்மா கேட்டதற்கு அவன் வீடியோ காலில் படகையே சுற்றிக் காட்டினான். காலையில் உப்புப் போகத் தளத்தை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். கழுவினால் போதாது, ஒரு சொட்டு நிற்காமல் துடைக்க வேண்டும். கடல் ஏறி இறங்குவதைப் பார்த்துக் கரைக் கயிற்றைத் தளர்த்தி இறுக்க வேண்டும். கம்பியில் வெள்ளைக்காரம்மாவின் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. அதுவும் அவன் துவைத்ததுதான். எல்லாவற்றுக்கும் மேல், படகின் அடியில் கசிகிற தண்ணீரை நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் இறைக்க வேண்டும்.

“ஆள் இல்லாம விட முடியாதும்மா. முழுகிடும்.”

“என்ன மாதிரியே படுத்துகினு கீதுன்னு சொல்லு” என்று கோணிய வாயோடு அம்மா சிரித்தாள்.

ஸ்நேகா சிரிக்கவில்லை. அம்மாவுக்குக் கை கால் இழுத்துக்கொண்டபோது அவள் பதினொன்றாம் வகுப்பு. அதன் பிறகு, பள்ளிக்கூடப் பை மாட்டுகிற ஆணியில் மூத்திரப் பை தொங்கியது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தெரு முனைக் கடைக்கு ஓடினாலும் பால் பாக்கெட்டை வாங்கிய கையோடு திரும்பி ஓடி வருவாள். மூன்று வருடம்.

இன்று விடிகாலை ஐந்து மணிக்கு அம்மா போய்விட்டாள். போனில் அண்ணன் அழுதான். அழுது முடித்துவிட்டுச் சொன்னான்.

“அவங்க ரெண்டு பேரும் மூணாறு சுத்திப் பாக்கப் போயிருக்காங்க ஸ்நேகா. போட்ல நான் மட்டும்தான். அவங்க வந்ததும் ஃப்ளைட் புடிச்சு வந்துர்றேன். எடுத்துடாதீங்க.”

மூன்று மணியாகியும் அவள் அதையேதான் ராஜகோபால் மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் அம்மாவின் தம்பி.

“மூணே முக்காலுக்கு எறங்குது மாமா. ஏர்போர்ட் இங்கதான கீது.”

“ஞாயித்துக்கிழமை. நாலரைக்கு ராகு காலம். மயானத்துல நாலே காலுக்கு டைம் வாங்கி வச்சிருக்கேன்” என்றார் மாமா. “நாப்பது நாளா கரையில நிக்கிற கப்பலு. அதுல இருந்து எறங்கி வர தொரைக்கு நேரமில்ல. நாங்க காத்துகினு கெடக்கணுமா?”

கூரைகளை உரசுவதுபோல் ஒரு விமானம் தாழ்ந்து போனது. பந்தலில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“இதுல கீறானா பாரும்மா, கைய ஆட்டப் போறான்” என்றான் மாமா மகன் விக்கி. யாரோ சிரித்துவிட்டு இருமினார்கள்.

மூன்றே முக்காலுக்கு அண்ணனின் போன் அணைந்தே இருந்தது. விமானம் தாமதமாம். நாலு மணிக்குக் கொள்ளிச் சட்டியை விக்கியின் கையில் கொடுத்தார்கள். ஸ்நேகா பாடையைப் பிடித்துக்கொண்டாள்.

“கால் மணி நேரம் மாமா.”

பக்கத்து வீட்டு ஜோசலின் அக்கா அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள். மேளச் சத்தத்தோடு வண்டி நகர்ந்தது. பெண்கள் தெரு முனையோடு நின்றுவிட்டார்கள்.

வீட்டைக் கழுவிவிட்டதும், அம்மா படுத்திருந்த இடத்தில் மாமாவின் மனைவி சாமுண்டீஸ்வரி ஒரு விளக்கை ஏற்றினாள்.

“பதினாறு நாளைக்கு அணையக் கூடாது. எண்ண ஊத்திகினே இரு. ஆள் இல்லாம விட்றாத” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

ஐந்து மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. தோளில் பையோடு அண்ணன் உள்ளே வந்தான். வெயிலில் கறுத்துப் போயிருந்தான். ஈரத் தரையையும் விளக்கையும் பார்த்தான்.

“நேரா மயானத்துக்குப் போன்னு மெசேஜ் போட்டனே” என்றாள் ஸ்நேகா.

“பாக்கலியே. இப்ப போனா?”

“கரண்டு அடுப்புல வச்சு பட்டன அமுக்கிட்டாங்களாம். விக்கி போன் பண்ணான்.”

அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். வெகு நேரம் கழித்து எழுந்து, மூலையில் கிடந்த துடைப்பானை எடுத்து, தேங்கியிருந்த தண்ணீரை வாசலுக்குத் தள்ள ஆரம்பித்தான். பிறகு மண்டியிட்டு, பையிலிருந்து ஒரு துண்டை உருவி, தரையை வரிசை வரிசையாகத் துடைத்தான். விளக்கைச் சுற்றி மட்டும் கை மெதுவாகப் போனது.

“விடுண்ணா. தானா காஞ்சிடும்.”

“காஞ்சா திட்டு நிக்கும்” என்றான் அவன், தலை நிமிராமல்.

கடைசி மூலைக்கு வந்ததும் துண்டைப் பிழிந்தான். “ஸ்நேகா, நேத்து பார்ட் வந்துடுச்சு. நாள மறுநாள் கெளம்பறாங்க. நாளைக்கு நான் அங்க இருக்கணும்.”

“பதினாறாம் நாளுக்கு?”

அவன் துண்டை மடித்தான். அதையே பிரித்து மறுபடி மடித்தான்.

விளக்கில் எண்ணெய் இறங்கிச் சுடர் குறுகியிருந்தது. ஸ்நேகா எண்ணெய்ப் புட்டியை எடுத்து வந்து அவன் கையில் வைத்தாள். அவன் புட்டியைப் பார்த்தான், விளக்கைப் பார்த்தான்.

“எவ்ளோ நேரத்துக்கு ஒருவாட்டி ஊத்தணும்?”

அவள் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினாள்.

“எங்க போற? ஸ்நேகா, எப்ப வருவ?”

தெருவில் சாமந்தி இதழ்கள் முனை வரைக்கும் சிதறிக் கிடந்தன. முனையில் அவை மயானம் இருக்கிற வலப்பக்கம் திரும்பின. அவளும் திரும்பினாள்.