கடலுக்கு முதுகு காட்டிய விடுதி

தாணப்பன் வயலை விற்றுவிட்டார் என்று கேட்டதும் தாடகை மலை இருந்த இடத்தில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது என்று பூதப்பாண்டியில் இன்றைக்கும் சொல்வார்கள். மலை நகர்ந்ததோ இல்லையோ, கோயில் பக்கத்துச் சாயாக்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் புரையேறியது நிஜம். கன்னிப்பூ, கும்பப்பூ என்று வருஷத்துக்கு இரண்டு விளைச்சல் கொடுத்த வயல். பழையாற்றுத் தண்ணீர் கூப்பிடாமலே வந்து பாயும். அதை விற்று ஒரு மனிதன் கடற்கரையில் ஓட்டல் கட்டுவானா? அதுவும் மின்வாரியத்தில் வீடு வீடாக ஏறி மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்ற, மீன் வாடை அடித்தால் மூன்று தெரு சுற்றிப் போகிற சைவ ஆசாமி?

காரணம் ஊரில் யாருக்கும் பிடிபடவில்லை. காரணம் பெங்களூரில் இருந்தது.

மகள் ராஜிக்கு இரட்டைக் குழந்தை பிறந்தபோது, “ஆறு மாசம் நின்னுட்டு வாறேன்” என்று சொல்லி ரயிலேறிய உலகம்மாள் அங்கேயே வேர் பிடித்துவிட்டாள். குழந்தைகள் தவழ்ந்து, நடந்து, இப்போது பள்ளிக்கூடத்துக்குப் போய் இந்தியில் சண்டை போடுகிறார்கள். அவள் கிளம்ப நாள் குறித்தால் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வரும், அது தீர்ந்தால் மற்றதற்கு வரும், இரண்டும் தேறினால் வேலைக்காரி நின்றுவிடுவாள். பெங்களூரில் உள்ள வேலைக்காரிகள் எல்லோரும் தனக்கு எதிராகச் சங்கம் வைத்து நடத்துகிறார்கள் என்பது தாணப்பனின் உறுதியான நம்பிக்கை.

அவரும் ஒரு தடவை போய்ப் பார்த்தார். ராத்திரி அவருக்கு ஹாலில் சோபா. உலகம்மாள் உள்ளறையில் இரண்டு குழந்தைகளுக்கும் நடுவே. பகலெல்லாம் அவள் அவரைக் கடந்து போய்க்கொண்டே இருந்தாள், கையில் எப்போதும் ஒரு டிபன் டப்பாவோடு. பஸ் ஸ்டாண்டில் நிற்கிற ஆளை எக்ஸ்பிரஸ் பஸ் கடந்து போவது மாதிரி. ஒரு வாரம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

ஊரில் சாப்பாடு கிடைக்காமல் இல்லை. காலையில் முழித்ததும் பக்கத்தில் திரும்பி, “ஏட்டி, நேரம் என்னாச்சு?” என்று கேட்பார். கேட்ட பிறகுதான் பக்கத்தில் கிடப்பது வெறும் தலையணை என்பது நினைவுக்கு வரும். கடிகாரம் எதிரே சுவரில்தான் தொங்குகிறது. கல்யாணமான நாள் முதல் அவர் அதைப் பார்த்து நேரம் தெரிந்துகொண்டதில்லை.

எப்போதோ கன்னியாகுமரியில் ஒரு கல்யாணத்துக்குப் போய் லாட்ஜில் தங்கியபோது, உலகம்மாள் பால்கனியில் காப்பி டம்ளரோடு நின்று, “இப்படிக் கட்டில்ல கெடந்துக்கிட்டே கடலைப் பாத்தா எப்படி இருக்கும்” என்று சொல்லியிருந்தாள். சொன்ன நிமிஷமே மறந்தும் இருப்பாள். மறக்காதவர் தாணப்பன். அவளை இங்கே இழுத்துவர ஒரே வழி கடல்தான் என்று அவருக்குப் பட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் இரணியல் குமாரதாஸ் வந்து சேர்ந்தான். கத்தாரில் இருபது வருஷம் ஓட்டலில் வேலை பார்த்தவன். நிலம், விடுதி என்று பேச ஆரம்பித்தால் கேட்கிறவன் கட்டின வேட்டியையும் முதலீடாகப் போட்டுவிடுவான். சிப்பித்துறை என்ற சின்னக் கடலோர ஊருக்கு அவரை பைக்கில் கூட்டிக்கொண்டு போனான்.

“அண்ணாச்சி, கோவா தீந்து. வர்க்கலை தீந்து. சனங்க இனி எங்க போவும்? இங்கதான் வரணும். ரோடு வருகு, பாலம் வருகு. காலத்த ஒரு செண்டு நெலத்துக்கு ஒரு விலை, சாயங்காலம் வேற விலை. நீங்க இந்தச் சாயாவைக் குடிச்சுத் தீக்கதுக்குள்ள ஏறிரும்.”

தாணப்பன் கொதிக்கிற சாயாவை ஒரே மடக்கில் குடித்தார். அன்றைக்கு வெந்த நாக்குக்கு ருசி திரும்ப ஒரு மாசம் ஆனது.

“லாபம் மெதுவா வரட்டும்,” என்றார். “மாடியில மூலை ரூம்பு எனக்கு. வருசத்துல பத்து நாளு. கடலு தெரியணும்.”

“பத்தா? நீங்க பங்காளியாக்கும். நூறு நாளு எடுங்க.”

“நூறு வேண்டாம். அவ அவ்வளவு நாளு நிக்க மாட்டா.”

குமாரதாஸ் அவரை ஒரு பார்வை பார்த்தான். யாவாரத்தில் இப்படி ஒரு காரணத்தை அவன் கேட்டதில்லை. மேற்கொண்டு கேட்கவும் இல்லை.

வயலை விற்ற விஷயத்தை உலகம்மாளிடம் போனில் சொன்னார். அந்தப் பக்கம் மிக்ஸி நின்றது.

“வித்துட்டியளா?”

“வித்துட்டேன். ஓட்டலு கெட்டுகோம்.”

“காய்ச்சல் கீய்ச்சல் அடிக்குதா? நெத்தியத் தொட்டுப் பாத்தியளா?”

“எனக்கு ஒண்ணுமில்ல. எட்டு ரூம்பு. கடலுக்குப் பக்கத்துல.”

“சமையலுக்கு ஆரு?”

“ஆளு வைப்போம்.”

“நீங்க அடுப்படிக்குள்ள போவாம இருந்தாச் சரி. இன்னா, சின்னவன் பாலைக் கொட்டிட்டான், வைக்கேன்.”

வைத்துவிட்டாள். மூன்று தலைமுறை வயல் ஒரு டம்ளர் பாலுக்குள் முங்கிப் போயிற்று. தாணப்பனுக்குக் கோபம் வரவில்லை. அவள் குரல் நின்ற இடத்தில் போனைக் காதோடு சேர்த்தே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

கட்டட வேலை தொடங்கியதும் குமாரதாஸ் பழைய கணக்கை முடிக்கக் கத்தாருக்குப் போய்விட்டான். பொறுப்பு இரண்டு பேர் தலையில் விழுந்தது. ஒருவர் தாணப்பன். மற்றவர், இடத்தைக் கொடுத்துப் பங்காளியான ததேயுஸ், படகு வைத்திருந்து விற்றவர். தாணப்பன் பூதப்பாண்டியிலிருந்து மனையடி பார்க்க ராஜையன் மேஸ்திரியைக் கூட்டி வந்தார். நெல்வயல் ஊர்களில் இருநூறு வீட்டுக்கு வாசல் குறித்தவர் அவர். அதில் ஒரு வீடு கூடக் கிழக்கைத் தவிர வேறு திசை பார்த்ததில்லை.

“வாசல் கெழக்க. சன்னல் கெழக்க. பால்கனி கெழக்க,” என்றார் ராஜையன். “கக்கூஸு மேக்க. இதுல மாத்தம் கெடையாது.”

ததேயுஸ் ஆமோதித்தார். “மேக்க சன்னல் வச்சா ஆடி மாசக் காத்து கட்டிலோட தூக்கிட்டுப் போவும். உப்பு கம்பியத் தின்னுரும். எங்க ஆளுவ எவனும் கடலைப் பாத்து வாசல் வச்சதில்ல வே. நாள் முழுக்கப் பாத்த கடலை ராத்திரியும் பாக்கணுமா?”

நெல்லறிவும் கடலறிவும் இப்படி ஒத்துப்போனது நாஞ்சில் நாட்டுச் சரித்திரத்திலேயே அதுதான் முதல் தடவை. தாணப்பனுக்குச் சந்தேகம் வரவில்லை. சுவர் எழும்புமுன் அந்த இடத்தில் எங்கே நின்றாலும் கடல் தெரிந்தது. வரைபடத்தில் எட்டு அறை இருந்தது, மாடிப்படி இருந்தது, செப்டிக் டேங்க் கூட இருந்தது. கடல் மட்டும்தான் இல்லை.

குமாரதாஸ் திரும்பி வந்தான். வாசலில் ‘சன்செட் பேரடைஸ்’ என்ற பலகையைப் பார்த்துப் பூரித்தான். மூலை அறைக்கு ஏறிப் பால்கனிக் கதவைத் திறந்தான். பத்துப் பன்னிரண்டு தென்னை, ஒரு பெட்டிக்கடை, ததேயுஸின் ஆடு.

“அண்ணாச்சி, கடலு எங்க?”

தாணப்பன் குளியலறைக் கதவைத் திறந்து காட்டினார். மேலே வெண்டிலேட்டர் வழியாக, ஒரு முழம் அகலத்தில், அரபிக்கடல் அலையடித்துக்கொண்டிருந்தது.

குமாரதாஸ் அப்படியே கிளாசெட்டின் மேல் உட்கார்ந்தான். பிறகு, “இந்தச் சொவரை இடிக்கணும்,” என்றான். “முழுக்கக் கண்ணாடி வைக்கலாம். வேற வழி இல்ல.”

எட்டுக் குளியலறைக்கும் மேற்கே ஆளுயரக் கண்ணாடி வந்தது. மகாராஜாக்களுக்கும் வாய்க்காத யோகம் சிப்பித்துறைக்கு வந்துவிட்டது. கோயம்புத்தூர்ப் புதுமணத் தம்பதி ஒன்று குளியலறைக்குள் போய், காப்பியையும் அங்கேயே கேட்டது. கோட்டயத்திலிருந்து வந்த குடும்பம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து அந்தி பார்த்தது. அதில் ஒரு பாட்டியை வெளியே வரவழைக்கச் சாப்பாட்டு மணி அடிக்க வேண்டியதாயிற்று. வந்தவர்கள் எல்லாம் இணையத்தில் எழுதித் தள்ளினார்கள். வரவேற்பில் இருக்கும் ஜெஸ்மிக்குப் போன் எடுத்துக் கை ஓய்ந்தது. “பாத்ரூம் நல்ல வியூ உள்ளதா வேணும்” என்று கேட்பவர்களிடம், எட்டுமே நல்லதுதான் என்று சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை கட்டியது. சிப்பித்துறையில் நில விலை எகிறியது. பக்கத்தில் புதிதாகக் கட்டியவன் வேண்டுமென்றே குளியலறையைக் கடல் பார்த்து வைத்தான்.

இவ்வளவும் நடந்தது. உலகம்மாள் மட்டும் வரவில்லை. மூலை அறை நான்கு தடவை ஒழித்து வைக்கப்பட்டது, நான்கு தடவையும் யாரோ ஊர்பேர் தெரியாதவர்கள் வந்து அதில் கிடந்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகு தாணப்பன் தாமே போய்க் கட்டில் விரிப்பைத் தட்டிப் போடுவார். ஒரு தலையணையைச் சுவர்ப் பக்கமாகத் தள்ளி வைப்பார். அவளுக்குச் சுவர்ப் பக்கம்தான் சரிப்படும்.

ஐந்தாவது தடவை அவளே போன் செய்தாள். “மருமகனைப் பெத்தவ வந்து நிக்கா, பிள்ளையள அவ பாத்துக்கிடுவா. நாலு நாளு வாறேன்.”

இரணியல் ஸ்டேஷனில் அவள் இறங்கியபோது தாணப்பன் மனசுக்குள் ஒரு வாரமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் வந்த ரயிலிலேயே ஏறிப் போய்விட்டன. “மெலிஞ்சுட்டியே” என்பது மட்டும் மிச்சமிருந்தது.

“நீங்க பெருத்துட்டிய,” என்றாள் அவள். “ஓட்டல் சாப்பாடு.”

அறைக்கு வந்ததும் பால்கனியில் எட்டிப் பார்த்தாள். “தென்னை நம்ம ஊட்டுப் பின்னாலயும் நிக்கே.”

“கடலு உள்ள இருக்கு,” என்று குளியலறைக்குக் கூட்டிப் போனார். கண்ணாடிக்கு அப்பால் நீலமாக அது விரிந்து கிடந்தது. அவள் இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள்.

“இதை ஆரு இங்க கொண்டு வச்சது?”

“நாந்தான்.”

“அதானே பாத்தேன்,” என்றாள். சிரித்த மாதிரிதான் இருந்தது. பிறகு கட்டிலைப் பார்த்தாள். “செத்த நேரம் கெடந்துக்கிடட்டா?”

படுத்தாள். அந்தச் செத்த நேரம் முடியவே இல்லை. சாப்பாட்டுக்கு எழுந்தாள், சாப்பிட்டாள், படுத்தாள். குளித்தாள், படுத்தாள். திருவிதாங்கூர் மகாராஜா காலத்திலிருந்து பாக்கி விழுந்த உறக்கத்தை எல்லாம் அங்கேயே தீர்த்துவிட்டுப் போக வந்தவள் மாதிரி உறங்கினாள். தாணப்பன் போட்டு வைத்த திட்டங்கள் ஏராளம். மாத்தூர் தொட்டிப்பாலம் பார்க்க வேண்டும், மார்த்தாண்டத்தில் அவளுக்குச் சேலை எடுக்க வேண்டும், அந்தியில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார வேண்டும். நாற்காலிகளை மட்டும் தினமும் போட்டார்.

ஒன்றில் அவர் உட்கார்ந்தார், குளியலறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. முதுகுக்குப் பின்னால் சூரியன் தன்பாட்டுக்கு முங்கியது. அதன் சிவப்பு கதவு வழியாகப் போய்க் கட்டிலில் விழுந்தது. அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டடம் தள்ளி யாரோ அந்தியைப் பார்த்துக் கூச்சலிட்டார்கள். கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறவளை நினைத்து ஏங்குவது, பெங்களூரில் இருக்கிறவளை நினைத்து ஏங்குவதைவிடக் கடினமாக இருந்தது.

மூன்றாம் நாள் கவனித்தார். உறக்கத்தில் அவளுடைய வலது கை விரிப்பைத் தட்டிக்கொண்டிருந்தது. யாரையோ உறங்க வைக்கிற தட்டு. அவர் மெல்ல எழுந்து போய், தரையில் குத்தவைத்து உட்கார்ந்து, தன் கையை அந்தக் கைக்குக் கீழே நீட்டி வைத்தார். தட்டு அவர் மேல் விழுந்தது. கால் மரத்துப் போகும்வரை அப்படியே இருந்தார்.

அன்றைக்குப் படுக்கும்போது உலகம்மாள், “நாளைக்கு வண்டி. காலத்த எழுப்பிருங்க. அசந்துருவேன்,” என்றாள்.

காலையில் தாணப்பன் குளித்து, வேட்டி மாற்றி, அவள் பையை வாசலோரம் எடுத்து வைத்தார். எழுப்பக் கட்டிலருகே போனார். திரும்பி வந்தார். மறுபடி போனார். பேரைச் சொல்ல வாயைத் திறந்தார், அப்படியே மூடிக்கொண்டார். கீழே ஸ்டேஷனுக்குப் பேசி வைத்திருந்த டாக்ஸிக்காரன் ஹாரன் அடித்தான். தாணப்பன் வெளியே வந்து கதவைச் சாத்தி, அதன் முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

குமாரதாஸ் மூச்சு வாங்க மாடியேறி வந்தான். பின்னால் திருவனந்தபுரத்துக் குடும்பம் ஒன்று, பெட்டிகளோடு.

“அண்ணாச்சி, ரூம்பு ஒழிஞ்சாச்சா? இவங்க இந்த ரூம்புதான் வேணும்னு ரெண்டு மாசம் முந்தியே புக்கு செய்தவங்க.”

“ஒழியல்ல.”

“வண்டிக்கு நேரமாச்சுல்லா?”

“பாத்ரூம்ல குழாய் போச்சு,” என்றார் தாணப்பன். “தண்ணி நிக்கல்ல. நடு வீடு வரைக்கும் வெள்ளம்.”

குமாரதாஸ் கதவடியைப் பார்த்தான். பொட்டு ஈரம் இல்லை. வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அண்ணாச்சி, ஓட்டலுக்க பேரு கெட்டுப் போவும். அவ்வோ அதையும் எழுதி விடுவாவ.”

“எழுதட்டும். மெதுவாப் பேசு.”

படியில் வந்து நின்ற ததேயுஸ் குமாரதாஸின் தோளைத் தொட்டார். “வா மக்கா. பெரிய கேடு அது. இன்னைக்குச் சரியாவாது.” அவரே திருவனந்தபுரத்தாரின் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு, ஜெஸ்மியிடம் கீழறையைத் திறக்கச் சொல்லி இறங்கினார்.

காற்று தோதாக அடித்தால் இரணியலில் ரயில் கூவுவது சிப்பித்துறையில் கேட்கும் என்று தாணப்பன் சொல்வார். வேறு யாருக்கும் கேட்டதில்லை. அன்றைக்கு அவருக்குக் கேட்டது. வண்டி முழுசாகப் போய் முடியும்வரை இருந்துவிட்டு உள்ளே போனார்.

உலகம்மாள் கண் மூடியபடி கிடந்தாள்.

“குழாய்க்கு என்ன கேடு?”

அவர் அப்படியே நின்றார். “முழிச்சுட்டியா?”

“ஹாரன் அடிச்சதுக்கு முந்தியே.”

“பெறவு ஏன் எந்திரிக்கல்ல?”

“நீங்க எழுப்பல்லியே.”

மேஜையில் அவளுடைய போன் அதிர்ந்தது, ஓய்ந்தது, மறுபடி அதிர்ந்தது.

“ராஜிட்ட என்ன சொல்ல?” என்றாள்.

“குழாய் போச்சுன்னு சொல்லு.”

அவள் வயிறு குலுங்கியது. சத்தமில்லாமல் சிரிக்கிற சிரிப்பு, பெங்களூர் போனதிலிருந்து அவர் பார்க்காதது. சிரித்து முடித்து, புறங்கையால் கண்ணை மறைத்தாள். “அந்தக் கதவைச் சாத்துங்க. வெளிச்சம் கண்ணைக் குத்துகு.”

குளியலறைக் கதவுக்கு அப்பால் கடல் காலை வெயிலில் தகதகவென்று கிடந்தது. வயலைக் கொடுத்து வாங்கிய கடல். தாணப்பன் கதவைச் சாத்தி, தாழும் போட்டார். அவள் சுவர்ப் பக்கமாக நகர்ந்துகொண்டாள். அவர் படுத்தார்.

“நாளைக்கும் வண்டி உண்டும்லா?” என்றாள் அவள்.

தாணப்பன் உறங்கிவிட்டவரைப் போலக் கிடந்தார்.