ரோஷம் வந்த செம்பருத்தி வேலி

துறைமுக அலுவலக வாசலில் வேலியாக நின்ற நாற்பத்தொரு செம்பருத்திச் செடிகளுக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு ரோஷம் வந்தது. அதற்கு முந்தைய வருஷம் கடல் தெருவுக்குள் வந்து பதினோரு நாள் தங்கிவிட்டுப் போனதிலிருந்து மண்ணும் உப்பு, குழாய்த் தண்ணீரும் உப்பு. இலைகள் ஓரம் கருகின, மொட்டுகள் விரியாமலே கொட்டின. செடிகளைப் பிடுங்கிவிட்டுப் பிளாஸ்டிக் செடி வைக்கச் சொல்லி மேலாளர் உத்தரவு போட்டார். பிளாஸ்டிக்குக்குத் தோட்டக்காரி எதற்கு? வேலை போனால் மோட்டார் அறைக்குப் பின்னால் அவளும் மகளும் குடியிருந்த ஒற்றை அறையும் போகும். மகளுக்குப் பரீட்சை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அதைக்கூடத் தாங்கியிருப்பாள். "தண்ணி ஊத்தத் தெரியாதவளுக்கெல்லாம் சம்பளம்" என்று எல்லார் எதிரிலும் அவர் சொன்னதுதான் பொறுக்கவில்லை. அழுகையும் ஆத்திரமுமாகச் செடிகளிடம் போய் நின்று, "ஒரு வருஷமா உப்புத் திங்கிறீங்களே, கொஞ்சமாவது சூடு சொரணை இருக்காடி?" என்று கத்தினாள்.

உப்புத் தின்றது உண்மைதானே, உறைத்துவிட்டது. அன்று மதியத்துக்குள் செடிகள் பழைய இலைகளில் உப்பையெல்லாம் மூட்டை கட்டி உதிர்த்தன. புது இலைகளைச் சின்னதாக, தடியாக, மெழுகு பூசினாற்போல விட்டன. மிச்ச உப்பை இலையோரத்தில் வியர்த்துத் தள்ளின. கேன்டீன்காரர் ஒரு வாரம் கடையில் உப்பு வாங்கவில்லை. வியாழக்கிழமை உள்ளங்கை அகலத்துக்குப் பூக்கள். பிடுங்க வந்த மூன்று பேர் கடப்பாரை போட்டு நெம்பியும் வேர் இம்மிகூட அசையவில்லை. சரி, எதிரிலாவது வைப்போம் என்று கொண்டுவந்து வைத்த பிளாஸ்டிக் செடிகளோ மூன்றே நாளில் வெட்கத்தில் வாடின. பாவம் பார்த்து யாரோ தண்ணீர்கூட ஊற்றிப் பார்த்தார்கள், பிழைக்கவில்லை.

மேலாளர் வரும்போது மட்டும் அத்தனை பூவும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டன. தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி பார்வையிட வந்த அன்றும் அதே கதை. "என்ன சார் இது, பூவுக்குக்கூட உங்களைக் கண்டா ஆகலையே!" என்றார் அதிகாரி. மேலாளர் வேர்த்து விறுவிறுத்து வேலியிடம் மூன்று தரம் மன்னிப்புக் கேட்டார். ம்ஹூம். பிறகுதான் மனிதருக்குப் புரிந்தது. தோட்டக்காரி பக்கம் திரும்பி, "நான் அன்னிக்கு அப்படிப் பேசினது தப்புத்தாம்மா" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, நாற்பத்தொரு செடியும் ஒன்றாகத் திரும்பின. தோட்டக்காரியின் வேலை நிரந்தரமானது; மகள் அந்த அறையிலிருந்தே பரீட்சை எழுதப் போனாள். இப்போதெல்லாம் அங்கே புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கழிப்பறை எந்தப் பக்கம் என்று காட்டும்போதே, வேலியிடம் மரியாதையாகப் பேசுங்கள் என்றும் சொல்லிவிடுகிறார்கள்.