ஆம்பளைக்கு ஒரு வீடு

கீழக்கரையில் வீடு என்பது பெண்ணுக்கு. மகள் பிறந்த அன்றே தகப்பன் மனசுக்குள் செங்கல் அடுக்கத் தொடங்கிவிடுவான். அவள் நிக்காஹ் நாளுக்குள் அவள் பேரில் வீடு நிற்க வேண்டும். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து ஏறிக்கொள்வார். மற்ற ஊர்களில் வீட்டோடு மாப்பிள்ளை என்றால் கேலி பேசுவார்கள். இங்கே எல்லா ஆண்களும் அப்படித்தான் என்பதால் கேலி பேச ஆள் கிடையாது.

சீனி முகம்மது பிறந்தது உம்மாவின் வீட்டில். அது மூத்த ராத்தாவுக்குப் போனது. சின்னத் தங்கைக்கு ஒரு வீடு, தன் மூத்த மகள் ருக்ஸானாவுக்கு ஒரு வீடு என்று ஷார்ஜாவில் முப்பத்தோரு வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்து இரண்டு வீடுகளை எழுப்பினார். தான் வாழ்ந்தது மனைவி காலிதாவுக்கு அவள் வாப்பா கட்டிக்கொடுத்த வீட்டில். வாழ்ந்தது என்று சொல்வதுகூட அதிகம். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு மாச லீவில் வந்து தங்கிப் போனார். மொத்தமாகத் திரும்பி வந்தபோது அறுபது வயது. காலிதாவோடு சேர்ந்தாற்போல் இரண்டு வருஷம் இருந்தார். அதற்குள் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

காலிதாவின் வீடு முறைப்படி இளையவள் மாஷிதாவுக்கு வந்தது. அதில் யாருக்கும் ஒரு மனக்குறையும் இல்லை. போன ரமலானுக்கு மாஷிதாவின் வீட்டுக்காரர் பர்வேஸ் கத்தாரில் வேலை போய் ஊரோடு வந்து சேர்ந்தார். மாடி அறை மாப்பிள்ளைக்கு உரியது. யாரும் சொல்வதற்கு முன்னால் சீனி முகம்மது தன் பெட்டியைக் கீழே முன் ஹாலுக்கு இறக்கிக்கொண்டார். மருமகன் பதறிப்போய் வேண்டாம் மாமா என்றார். பதற்றம் உண்மையானதுதான். ஆனாலும் பெட்டி மறுபடி மேலே ஏறவில்லை.

முன் ஹாலில் பர்வேஸைப் பார்க்க ஆட்கள் வந்தால் இவர் எழுந்து உள்ளே போக வேண்டும். உள்ளே அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்திருந்தால் இருமிக்கொண்டே வெளியே வர வேண்டும். சாப்பாடு நேரத்துக்கு வந்தது. சட்டை துவைத்து மடித்து வந்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை. குறை சொல்ல ஒன்றுமே இல்லாத வீட்டில் ஒரு மனுஷன் இவ்வளவு தனியாக இருக்க முடியுமா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. அஸர் தொழுகை முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகும் பள்ளிவாசல் தூண் ஓரமாக உட்கார்ந்திருப்பார். மோதினார் மின்விசிறியை நிறுத்திய பிறகுதான் எழுவார்.

அங்கே உட்கார்ந்திருந்த ஒரு நாளில்தான் அந்தப் பத்து சென்ட் நினைவுக்கு வந்தது. வாலிநோக்கம் போகும் ரோட்டில், ஊரைத் தாண்டி இரண்டு மைல். ஷார்ஜாவில் கூட இருந்தவன் அவசரத்துக்கு விற்றதை வாங்கிப் போட்டது. ஒரு லீவில் போய் ரோட்டில் நின்றபடியே பார்த்தார். ஒரே சீமைக்கருவை. ஆள் நுழைய முடியாத முள். அப்படியே திரும்பி வந்தவர்தான்.

அதை வெட்டித் திருத்தி, தனக்கு என்று ஒரு சின்ன வீடு கட்டப் போவதாகச் சொன்னபோது மாஷிதா அழுதாள், நான் என்ன குறை வைத்தேன் என்று. பள்ளிவாசலில் சேக்காளிகள் சிரித்தார்கள்.

"ஆம்பளைக்கு எதுக்குய்யா வீடு?" என்றார் ஒருவர். "யாரு ஒம்மளக் கட்டிக்கிட்டு அங்க வந்து ஏறப் போறா?"

இவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். மறுநாள் காலையில் ஜேசிபி சொல்லிவிட்டார்.

ஓட்டி வந்தவன் முதுகுளத்தூர்ப் பக்கத்து மாரிச்செல்வம். காரியத்தில் கெட்டிக்காரன். கருவையை வெட்டினால் மட்டும் போதாது, தூர் மண்ணுக்குள் கிடந்தால் ஒரு மழைக்கு மறுபடி தழைத்துவிடும், ஒவ்வொரு தூரையும் தோண்டி எடுத்தால்தான் தலைமுழுகலாம் என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினான். முதல் நாள் ரோட்டோரம் மட்டும் ஆனது. மரங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்ததால் ஒன்றைப் பிடுங்கினால் நாலு சேர்ந்து வந்தன. குஞ்சுகளோடு ஒரு கவுதாரி ரோட்டைக் கடந்து எதிர்ப்புதருக்குள் ஓடியது. சீனி முகம்மது குடையைப் பிடித்துக்கொண்டு சாயங்காலம்வரை நின்றார். பார்த்துக்கொண்டிருக்க ஒரு வேலை கிடைத்ததே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

இரண்டாம் நாள் முற்பகல், நிலத்தின் பின்பாதிக்கு வண்டி போனபோது, எங்கிருந்தோ ஒரு பெண் ஓடிவந்து ஜேசிபியின் கைக்கு முன்னால் நின்றுவிட்டாள். ஐம்பத்தைந்து வயசிருக்கும். கையில் அரிவாள், காலில் டயர் செருப்பு.

"ஏலே, நிறுத்துடா. அங்கன போகாத, கெணறு கெடக்கு" என்று கத்தினாள்.

மாரிச்செல்வம் நிறுத்திவிட்டு இறங்கினான். கிணறெல்லாம் இங்கே கிடையாது, இது என் இடம் என்று சீனி முகம்மது சொல்லிப் பார்த்தார். அவள் முள்ளை ஒதுக்கிக்கொண்டு குனிந்து உள்ளே போனாள். போக வர ஒரு தடம் இருந்தது. இருபது வருஷமாக நடந்து நடந்து விழுந்த தடம். அதன் முடிவில் தரையோடு தரையாக ஒரு உறைகிணறு. மேலே இரண்டு கடப்பைக் கற்கள் மூடியிருந்தன. ஒன்றை நகர்த்தி, ஒளித்து வைத்திருந்த வாளியை இறக்கி, தண்ணீர் மொண்டு அவரிடம் நீட்டினாள்.

குடித்தார். உப்பில்லை. இந்தக் கரையில் நாலு மைலுக்கு எங்கே தோண்டினாலும் வாயில் வைக்க முடியாத தண்ணீர்தான் வரும். இது இனித்தது.

அவள் பேர் சோணையம்மாள். பக்கத்துக் குடியிருப்பில் கருவை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவள். நீங்கதான் சீனி முகம்மது முதலாளியா என்று கேட்டுவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"ஒங்க வீட்டம்மாதான் தோண்டுனாக. ஆட்டோவுல வருவாக, ரோட்டுலயே நின்னு பாப்பாக. மூணு எடத்துல உப்புத் தண்ணி. நாலாவது எடந்தான் இது. வேலிக்கருவைய வெட்டிச் சுத்தம் பண்ணுங்கம்மான்னு சொன்னேன். எங்க வீட்டுக்காரவுக வந்து பாத்துக்கிடட்டும், அதுவரைக்கும் நீ மொண்டுக்கன்னாக."

சொந்த வீடு இருக்கும்போது இவ்வளவு தூரத்தில் எதற்குக் கிணறு என்று அவளும் கேட்டிருக்கிறாள். காலிதா சொன்ன பதிலை அவள் அப்படியே வைத்திருந்தாள்.

"'என் வீடு எம் மகளுக்குப் போயிரும் சோணை. ஊரெல்லாம் வீடு கட்டுன மனுசன், நாளைக்கு நான் இல்லாமப் போனா எங்க போயி உக்காருவாரு'ன்னாக."

சீனி முகம்மது தோண்டிப் போட்ட தூர் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார். முள் குத்தியது. எழவில்லை. யோசிக்க யோசிக்க நினைவு வந்தது. காலிதா போனில் சொல்லியிருக்கிறாள். கருவைக் காட்டில் கிணறு வெட்டுகிறேன், நல்ல தண்ணி வந்திருக்கிறது என்று. அவர் சரி என்றார். போன் கார்டில் ஓடும் நிமிஷத்தில் ஒரு கண் வைத்துக்கொண்டு, மகள் பள்ளிக்கூடம், தங்கை வீட்டு ஜன்னல் கம்பி, உம்மாவின் கண் ஆபரேஷன் எல்லாவற்றுக்கும் சொன்ன அதே சரி. முப்பத்தோரு வருஷத்தில் அவர் அவளிடம் அதிகம் பேசிய சொல் அதுவாகத்தான் இருக்கும். அவள் சொன்னதைக் கேட்காமலே சரி சொல்லியிருக்கிறார் என்று இப்போது புரிந்தபோது, அவரால் வெட்கத்தைத் தாங்க முடியவில்லை.

இனியும் வந்து தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம் என்று சோணையம்மாளிடம் சொன்னார். வெட்டிய மரத்தையெல்லாம் மூட்டத்துக்கு எடுத்துக்கொள்ளவும் சொன்னார்.

மூன்றாம் நாள் நண்பகலுக்குள் நிலம் முழுக்க வெளுத்துவிட்டது. அத்தனை காலம் முள்ளுக்குள் இருந்த மண் கூச்சப்பட்டுக் கிடப்பதுபோல் இருந்தது. மாரிச்செல்வம் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். கொத்தனார் இருளாண்டி சுண்ணாம்புப் பொடியும் கயிறுமாக வந்து, நிழல் இல்லாததால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அப்போதுதான் மாஷிதா ஆட்டோவில் சோற்றுக் கேரியரோடு வந்தாள்.

புர்காவை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மிச்ச முள்ளைத் தாண்டித் தாண்டி நிலத்தைச் சுற்றி வந்தாள். இவ்வளவு பெரிசா வாப்பா என்றாள். கிணற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டு இன்னொரு தடவை வாங்கிக் குடித்தாள். பிறகு, சாப்பாட்டைப் பிரித்து வைத்தபடி, தன் மகள் சஃபாவின் பேச்சை எடுத்தாள். அவளுக்கு நல்ல இடத்திலிருந்து கேட்டு வந்திருக்கிறார்கள். அவர்கள் முதலில் விசாரித்தது பெண்ணுக்கு வீடு எங்கே என்றுதான். பர்வேஸ் கையில் இப்போது ஒன்றும் இல்லை. தூக்கமே வருவதில்லை என்றாள்.

"இம்புட்டு இடம்... நீங்க ஒருத்தரு வாப்பா" என்று சொல்லிவிட்டு, மேலே சொல்லாமல் குனிந்து மீனில் முள் எடுக்கத் தொடங்கினாள்.

அவள் கேட்டுவிடவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. இந்த ஊரில் இதை வாய்விட்டுக் கேட்கிற மகளும் கிடையாது, புரியாத வாப்பாவும் கிடையாது. சஃபா அவர் லீவில் வரும்போதெல்லாம் தோளில் ஏறிக்கொண்ட பிள்ளை. சரி என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அது பழகிய தடம். சொல்லிவிட்டால் மாஷிதாவின் முகம் மலரும், இன்று ராத்திரி அவள் தூங்குவாள், அவர் பெட்டி முன் ஹாலிலேயே இருக்கும். அவர் திரும்பிக் கிணற்றைப் பார்த்தார்.

"இல்லம்மா" என்றார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "எனக்குப் பொறவு சஃபா எடுத்துக்கட்டும். இப்பத் தர மாட்டேன். இது உங்க உம்மா எனக்குன்னு வச்சிட்டுப் போனது."

சோணையம்மாள் சொன்னதை மகளிடம் சொன்னார். மாஷிதா எடுத்த மீன் முள்ளையெல்லாம் ஒரு ஓரமாகச் சேர்த்து வைத்தாள். கோபமா வருத்தமா என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு புர்கா நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாப்பிடுங்க வாப்பா, ஆறிப்போகுது என்றாள்.

சாப்பிட்டு முடித்ததும் இருளாண்டி வீட்டுப் படத்தைக் கேட்டார். சீனி முகம்மது காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தானே வரைந்து வைத்திருந்தார். பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு அறை. கட்டில் போட இடம், பெட்டி வைக்க ஒரு மூலை, பாத்ரூம், ஒரே கதவு. கொத்தனார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடுப்படி எங்கன பாய்?"

அவர் வரையவே இல்லை. கம்பெனி மெஸ்ஸில் தின்ற ஷார்ஜா அறையை அப்படியே வரைந்து வைத்திருந்தார். அத்தனை வீடுகளுக்குப் பணம் அனுப்பியவர், எந்த வீட்டிலும் முன் ஹாலைத் தாண்டிச் சரியாகப் பார்த்ததில்லை. அடுப்படி எத்தனை அடி இருக்கும், மேடை எந்தச் சுவரில் வரும், புகை எதன் வழியாகப் போகும், ஒன்றும் தெரியாது. மாஷிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிணற்றுப் பக்கமாக எட்டுக்கு எட்டு போடுங்கள் என்று அவளே இடம் காட்டினாள். ஜன்னல் எந்தப் பக்கம் என்று கொத்தனார் கேட்டார்.

சீனி முகம்மது மகளைப் பார்த்தார். "உம்மா அடுப்படியில ஜன்னல் எந்தப் பக்கம்மா இருக்கு?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அதே வீட்டில் இருக்கிறவர் கேட்கிற கேள்வியா இது என்ற பார்வை.

"சந்துப் பக்கம். மொதல்ல அங்கன சொவருதான். நீங்க ரெண்டாவது பயணம் போன பொறவு உம்மா இடிச்சு ஜன்னல் வச்சாங்க. அங்கன நின்னாத்தான் முனையில கார் திரும்புறது தெரியும்."

"நான் வாற அன்னைக்கா?"

"வாற அன்னைக்கு மட்டுமில்ல வாப்பா. வராத நாள்லயும்தான்."

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். சஃபா டியூஷனிலிருந்து வரும் நேரம் என்று கேரியரை எடுத்துக்கொண்டு மாஷிதா கிளம்பினாள். வெயிலில் நிற்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். நாளைக்கு வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

"ஜன்னல ரோட்டப் பாத்து வையுங்க" என்றார் சீனி முகம்மது.

ரோட்டைப் பார்த்து வைத்தால் வெயிலும் தூசியும் அடுப்பில் விழும், அங்கே யார் வரப்போகிறார்கள், கிணற்றுப் பக்கம் வைத்தால் காற்று வரும் என்று இருளாண்டி எடுத்துச் சொன்னார். நியாயமான பேச்சுதான்.

"இருக்கட்டும்" என்றார்.

கொத்தனார் கயிற்றைப் பிடித்து, அடுப்படிக்கு நாலு பக்கமும் சுண்ணாம்புக் கோடு போட்டார். சீனி முகம்மது செருப்பைக் கழற்றிவிட்டுக் கோட்டுக்குள் போய், ஜன்னல் வரப்போகும் இடத்தில் நின்று பார்த்தார். கருவை போன பிறகு ரோடு வெகுதூரம் தெரிந்தது. ஆட்டோ சின்னதாகிச் சின்னதாகி ஊர்ப் பக்கம் திரும்பி மறைந்தது. இனி பார்த்து நிற்க வேண்டியது அவர் முறை.