பதினெட்டுப் பல்

ப்ளஸ் டூ கணக்கில் ரேணுகாம்பாள் வாங்கிய மார்க்கை அவளுடைய அப்பா சடையன் அடி அண்ணாமலை டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். கேட்காதவர்களுக்கும் சொன்னார். "அப்ப காலேஜுல எப்பப்பா சேர்க்கற?" என்று மகள் கேட்ட அன்றுதான் அந்த மார்க் அவருக்கு மறந்துபோயிற்று.

"நம்மூருக்கு பஸ்ஸு வரட்டும். வந்தா தாராளமா போ," என்றார்.

மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை; அந்த வகையில் யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஊமத்தங்கொல்லைக்கு பஸ் வருவதென்பது, அண்ணாமலை ஒருநாள் எழுந்து நின்று சோம்பல் முறிப்பதற்கு அடுத்தபடியாக நடக்கக்கூடிய காரியம். கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையைத் தாண்டி, ஒரு மண்ரோட்டில் இறங்கி, கடைசியில் ஒரு மேடு ஏறினால் ஊர். பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிற கூட்டத்தில் வழி தவறியவர்கள்கூட அங்கே வந்ததில்லை.

"அண்ணன் வண்டியில போறனே?"

"அவன் வண்டியிலயா? அவன் எந்தக் காலேஜுக்குப் போறான்னு அந்த வண்டிக்கே தெரியாது."

அதுவும் உண்மைதான். வேடியப்பன் கலைக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு வரலாறு. அந்த வளாகத்தில் அவனுக்கு நன்றாகத் தெரிந்த வரலாறு கேன்டீனுடையது. அவனைப் பார்த்த யாருக்கும் மேற்படிப்பில் ஆசை வராது. தினமும் பார்த்தும் ரேணுகாவுக்கு வந்திருக்கிறதென்றால் அந்த ஆசை எவ்வளவு கெட்டி என்று பார்த்துக்கொள்ளலாம்.

பஸ்ஸைக் கொண்டுவந்துவிடுவதென்று அவள் முடிவு செய்தாள்.

ஊரில் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி, அண்ணனைக் கிளப்பி, டவுனுக்குப் போய் பஸ் ஆபீசில் நின்றாள். ரூட் இன்ஸ்பெக்டர் ஆதிமூலம் மனுவை வாங்கி விசிறிக்கொண்டார். கனத்த உடம்பு, மின்விசிறி அவருக்குப் பற்றவில்லை.

"டவுன் பஸ்ஸு எட்டு கிலோமீட்டர் வரைக்கும்தாம்மா. உங்க ஊரு ஒம்பது இருக்கும்."

"இல்ல சார், எட்டுக்குள்ளதான்."

"அளந்து பாத்தியா?"

"பாத்தேன் சார்."

அவள் அளக்கவில்லை. வாய் முந்திக்கொண்டது.

"அப்ப நானும் வந்து பாத்துடறேன். எட்டுக்குள்ள இருந்தா எழுதிக் குடுக்கறதுல எனக்கின்னா? ஜீப்பு ஒர்க்‌ஷாப்புல கீது. வியாழக்கெழம ஒரு வண்டி ஏற்பாடு பண்ணு."

திரும்பி வரும்போது வழியெல்லாம் அண்ணனின் தோளுக்கு மேலாக மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டு முன்னால் வண்டி நின்றபோது எட்டே முக்காலையும் கடந்து கொஞ்சம் ஓடியிருந்தது.

"எட்டாவது கிலோமீட்டர்ல பஸ்ஸ நிறுத்தச் சொல்லேன்," என்றான் வேடியப்பன்.

"அங்க ஏர்றதுக்கு ஒரு பனமரந்தான் கீது."

"அப்ப விட்டுடு. நம்ம வேணு கீறானே, அவன் வண்டியில செயின் சக்கரத்த மாத்தினான், அதிலிருந்து மீட்டரு ஒரே பொய்யா சொல்லுது. அதுமாதிரி நீயும் ஒரு பொய்யச் சொல்லிட்டு வந்துட்ட. மீட்டர யாரு கேக்கறது, விட்டுடு."

ரேணுகா வண்டியிலிருந்து இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"எப்படிப் பொய்யி? ஜாஸ்தியா சொல்லுதா, கம்மியா சொல்லுதா?"

"பொய்யில இன்னாடி ஜாஸ்தி கம்மி?"

"இருக்குதுண்ணா. அதுலதான் எல்லாம் இருக்குது."

மறுநாள் இருவரும் செங்கம் ரோட்டில் முருகையனின் பட்டறையில் இருந்தார்கள். ரமணாசிரமத்துப் பக்கம் வந்து தங்கும் வெள்ளைக்காரர்களின் வண்டிகளைப் பழுது பார்ப்பவர் அவர். அவர்களில் சிலர் ஞானம் கிடைத்ததும் வண்டியை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள். அப்படி மிஞ்சிய உதிரிகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. திருவண்ணாமலையில் ஞானத்தால் நேரடியாகப் பலனடைந்தவர் முருகையன் ஒருவர்தான்.

விஷயத்தைக் கேட்டுக்கொண்டு அவர் வண்டியைச் சுற்றி வந்தார். சில வண்டிகளில் மீட்டர் கேபிள் முன் சக்கரத்திலிருந்து வரும். அவை யோக்கியமான வண்டிகள். வேடியப்பனின் பழைய வண்டியில் அது கியர்பாக்ஸிலிருந்து வந்தது. சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று அந்த மீட்டருக்குத் தெரியாது. கியர்பாக்ஸ் சொல்வதை அப்படியே நம்பிவிடும்.

"முன்னாடி செயின் சக்கரத்துல பதினாறு பல்லு கீது," என்றார் முருகையன். "பதினாலு போட்டுடறேன். சின்ன சக்கரம், சின்ன கணக்கு. எட்டுக்கு உள்ள வந்துடும்."

கேட்பதற்குச் சரியாகவே இருந்தது. வேடியப்பன் தலையாட்டினான். கணக்கில் மார்க் வாங்கிய ரேணுகாவும் தலையாட்டினாள். பதினாலு பல் ஏறியது. பஸ் ஆபீஸ் வாசலிலிருந்து வண்டி துள்ளிக்கொண்டு கிளம்பியது, மேட்டில் ஆட்டுக்குட்டி போல ஏறியது. ரேணுகாவுக்கு வாயெல்லாம் பல். வீட்டு முன்னால் இறங்கி மீட்டரைப் பார்த்தார்கள்.

பத்து.

"ஊரு இன்னும் தள்ளிப் பூட்ச்சுடி," என்றான் வேடியப்பன். "இன்னும் ரெண்டு பல்லு கொறச்சா செங்கத்துக்கே போயிடும்."

ரேணுகா செயின் மூடியைக் கழற்றிவிட்டு வண்டிக்குப் பக்கத்தில் குந்தினாள். பின் சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். சோறு ஆறிக்கொண்டிருந்தது. அம்மா சந்திரம்மாள் வந்து எட்டிப் பார்த்து, "வண்டிக்குப் பேன் பாக்கறியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

"அண்ணா, நம்ம எல்லாருமே மடச்சாம்பிராணிங்க," என்று எழுந்தாள். "ரோடு அதே ரோடு. பின் சக்கரம் அதே சுத்துதான் சுத்தும். செயினு அதே நீளந்தான் ஓடும். முன்னாடி பல்லு கம்மின்னா அந்தச் செயின ஓட்டறதுக்கு அது ஜாஸ்தி சுத்தணும். மீட்டரு எண்றது அந்தச் சுத்தத்தான். சின்னது போட்டா தூரமும் ஜாஸ்தி காட்டும், வேகமும் ஜாஸ்தி காட்டும். நமக்கு வேண்டியது பெரிய சக்கரம்."

"முருகையன் அண்ணா கோச்சுக்குவாரு."

"கோச்சுக்கட்டும்."

முருகையன் கோபித்துக்கொள்ளவில்லை. "அததான் நானும் நேத்தே சொன்னேன்," என்றார்.

ஞானப் பெட்டியிலிருந்து பதினெட்டுப் பல் சக்கரம் ஒன்று கிடைத்தது. செயினில் ஒரு துண்டு சேர்த்து மாட்டினார். அந்தத் தடவை ஊமத்தங்கொல்லை எட்டுக்குள் வந்துவிட்டது. ஏழே முக்காலைத் தாண்டி எண் பாதி உருண்ட நிலையில் நின்றிருந்தது. ஆனால் பெரிய சக்கரம் போட்ட வண்டி கிளம்பவே சலித்துக்கொண்டது. மேட்டில் பாதியிலேயே மூச்சு வாங்கியது. ஓடி வந்து வேகம் பிடித்தால்தான் ஏறும் என்று வேடியப்பன் கண்டுபிடித்தான். கொல்லைப் பக்கம் ரேணுகாவும் ஓட்டிப் பார்த்தாள். வண்டியைத் தினமும் கழுவுகிறவள் அவள்தான். கழுவுகிற சாக்கில் ஓட்டக் கற்றுக்கொண்டு ஒரு வருஷமாயிற்று. அப்பாவுக்குத் தெரியாது.

வியாழக்கிழமை ஆதிமூலம் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேடியப்பனின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். வண்டி அரை அடி தாழ்ந்தது. "தம்பி, நாப்பதுக்கு மேல போகக் கூடாது. நான் மீட்டரப் பாத்துக்கினே வருவேன்," என்றார்.

ரேணுகா மேட்டின் உச்சியில் மோர்ச் சொம்போடு நின்றாள். தூரத்தில் புழுதி தெரிந்தது. பிறகு சத்தம். மேட்டுக்கு முன்னால் வேகம் பிடிக்காவிட்டால் இந்த உடம்போடு ஏற முடியாது என்பதால் வேடியப்பன் வெகு தூரத்திலிருந்தே முறுக்கிக்கொண்டு வந்தான். பள்ளங்களை அவன் ஒதுக்கவில்லை. அவற்றுக்கு மேலாகப் பறந்தான். வண்டி உச்சிக்கு வந்து நின்றபோது இன்ஸ்பெக்டர் இறங்கவில்லை. இறங்க முடியவில்லை. அவருடைய கைகள் வேடியப்பனின் சட்டையைப் பிடித்திருந்தன; சட்டையில் ஒரு பொத்தான் குறைந்திருந்தது.

மோரைக் குடித்து, மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

"தூரம் சரிதாம்மா. எட்டுக்குள்ளதான் கீது."

ரேணுகாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"ஆனா ரோடு சரியில்ல. பஸ்ஸுக்கு லாயக்கில்லாத ரோடுன்னுதான் எழுதணும்."

"ஏன் சார்? நல்ல ரோடு சார்."

"நாப்பதுதான் காட்டுச்சு. என் ரெண்டு கண்ணால பாத்தேன். நாப்பதுலயே கொடலு வாய்க்கு வருது. இதுல பஸ்ஸு ஓட்டினா ஜனங்கள அப்படியே பெரியாஸ்பத்திரிலதான் எறக்கணும்."

வேடியப்பன் வாயைத் திறந்தான். ரேணுகா அவன் காலை மிதித்தாள். ஓடியது நாற்பது இல்லை, நாற்பத்தைந்து. அந்த முள் சொன்னது பொய். அதைச் சொல்லிவிட்டால் ரோடு பிழைத்துக்கொள்ளும். ஆனால் முள்ளும் எண்ணும் ஒரே கேபிளில் தொங்கின. முள் பொய்யென்றால் எட்டும் பொய். வேகத்தில் மட்டும் பொய் சொல்லி தூரத்தில் உண்மை பேசுகிற மீட்டரை முருகையனின் பெட்டியில்கூடத் தேடி எடுக்க முடியாது.

இன்ஸ்பெக்டர் பேனா மூடியைக் கழற்றினார்.

"சார், ரோட்டு மேல தப்பில்ல," என்றாள் ரேணுகா. "ஓட்டின ஆளு மேலதான் தப்பு. எங்கண்ணனுக்குப் பள்ளம் பாத்து ஓட்டத் தெரியாது."

"அடிப்பாவி," என்றான் வேடியப்பன்.

"திரும்ப டவுனுக்குப் போவணும் இல்ல சார்? நான் கூட்டிக்கினு போறேன். இருபத்தஞ்சு தாண்ட மாட்டேன். எங்க குலுங்குதோ அங்க எழுதிக்கோங்க."

"நீயா? பொம்பளப் புள்ள பின்னாடி நான் எப்படிம்மா…"

"இல்லன்னா எங்கண்ணனே கொண்டாந்து விடுவான் சார்."

ஆதிமூலம் வேடியப்பனைப் பார்த்தார். மேட்டைப் பார்த்தார். மானம், உயிர் இரண்டையும் ஒரு கணம் எடை போட்டுவிட்டு, பையை நடுவில் வைத்துக்கொண்டு ரேணுகாவின் பின்னால் ஏறினார்.

பாவாடையைச் சேர்த்துச் செருகிக்கொண்டு அவள் வண்டியை உதைத்தாள். இறக்கத்தில் பெரிய சக்கரம் தொந்தரவு தரவில்லை. பள்ளம் பள்ளமாக ஒதுக்கி, முள்ளை இருபத்தைந்திலேயே நிறுத்திக்கொண்டு போனாள். அடி அண்ணாமலைக்கு வந்தபோது சடையன் டீக்கடையில் கண்ணாடி டம்ளரை ஊதிக்கொண்டிருந்தார். தன் மகள் மோட்டார் சைக்கிளில், பின்னால் ஒரு கவர்ன்மென்ட் ஆபீசரை ஏற்றிக்கொண்டு, கடையைக் கடந்து போவதைப் பார்த்தார். ஊதிக்கொண்டே இருந்தார். டீ எப்போதோ ஆறியிருந்தது.

"தருமா," என்றார் கடைக்காரரிடம், "அது எம்பொண்ணு மாதிரியே கீது இல்ல?"

"மாதிரி இல்லண்ணா. அதேதான்."

பஸ் ஆபீஸ் வாசலில் ஆதிமூலம் முழுசாக இறங்கினார். தன் சட்டையைத் தடவிப் பார்த்தார். எல்லாப் பொத்தான்களும் இருந்தன. "ரோடு பரவால்லம்மா," என்று சொல்லி எழுதிக்கொண்டார். "மேல அனுப்பிடறேன். அவங்க பாத்து, அதுக்கும் மேல அனுப்புவாங்க. வந்துடும்."

"எப்ப சார் வரும்?"

"பொங்கலுக்குள்ள வந்தா அதிர்ஷ்டம்."

கோப்பு நகரும் வேகத்தைக் காட்ட எந்த மீட்டரும் கிடையாது. கல்லூரியில் சேர்க்கை அந்த வாரத்தோடு முடிந்துவிடும். ரேணுகா அங்கே நின்று அழுது நேரத்தைக் கழிக்கவில்லை. நேராக முருகையனின் பட்டறைக்குப் போனாள். "பழைய பதினாறு பல்லயே போட்டுடுங்கண்ணா. நாளையிலிருந்து தினமும் மேடு ஏறணும்," என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது சடையன் நின்றுகொண்டிருந்தார். பக்கத்து வீட்டாரும் அவரவர் வாசலில் ஏதோ வேலை இருப்பதுபோல் நின்றுகொண்டிருந்தார்கள்.

"பஸ்ஸு வந்தாதான்னு சொன்னனா இல்லயா?"

"வரும்பா. எழுதியாச்சு. அதுக்குள்ள காலேஜ மூடிடுவாங்க. நான் வண்டியிலயே போயிடறேன். அண்ணன் பின்னாடி ஒக்காந்து வரட்டும்."

"ஊரு இன்னா சொல்லும்?"

"மத்தியானத்திலிருந்து சொல்லிக்கினுதான் கீது," என்றாள் சந்திரம்மாள் உள்ளேயிருந்து. "வெள்ளையம்மா வந்து சொல்லிட்டா, ராஜம்மா வந்து சொல்லிட்டா. சொல்றதுக்கு இன்னும் பாக்கி ஒண்ணுமில்ல. தீந்துபோச்சு."

சடையன் இதை யோசித்தார். ஊர் சொல்லக்கூடியது அவ்வளவுதான் என்பது அவருக்குப் புதிய செய்தி. அதைவிட, அவ்வளவு சொல்லியும் கூரை பறக்கவில்லை.

"அந்த ஆபீசரு எப்படி எட்டுன்னு எழுதினாரு? ஒம்பது கிட்ட வரும்னு எனக்கே தெரியுமே."

ரேணுகா மறைக்கவில்லை. சக்கரம், பல், கேபிள், முள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டு முடித்து மண்ரோட்டை ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

"அப்ப நம்மூரு இப்ப எங்க கீது?"

"இருந்த எடத்துலதாம்பா கீது."

"ம்," என்றார் சடையன். உள்ளே போய், பெட்டியிலிருந்து வெள்ளை வேட்டியை எடுத்து வெளியே வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் அவரே பின்னால் ஏறி உட்கார்ந்தார். மகள் எப்படி ஓட்டுகிறாள் என்று பார்க்காமல் கல்லூரியில் கையெழுத்துப் போடுவதாக இல்லை. மண்ரோடு முடிந்து, டீக்கடை முடிந்து, தார்ரோடு வந்தது. பின் கம்பியைப் பிடித்திருந்த கையை அவர் தளர்த்தவில்லை.

"எவ்ளோ காட்டுது?"

"முப்பதுப்பா."

"நெஜ முப்பதா?"

"நெஜ முப்பதுதான்."

சடையன் மலையைப் பார்த்தார், வெயில் ஏறியிருப்பதைப் பார்த்தார்.

"அப்ப கொஞ்சம் ஏத்து," என்றார். "ஆபீச மூடிடப் போறாங்க."