வாய்க்குள் போனது

ஆபரேஷனுக்கு முந்தி நிரப்புகிற தாளில் "கடைசியாக உணவு உண்ட நேரம்" என்று ஒரு வரி. போன மாதம் அந்த வரியில் "உண்ணவில்லை" என்று எழுதியது நர்சு மாயக்காள்தான். நோயாளி ஏலத்தோட்டத்து ஆள். மயக்கம் கொடுத்ததும் வாந்தி எடுத்து, அது மூச்சுக்குழலில் இறங்கி, மேஜையிலேயே போய்விட்டான். வந்ததெல்லாம் மரவள்ளிக்கிழங்கு. மாயக்காளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவளை அரித்தது.

இன்று மத்தியானம் போடிமெட்டிலிருந்து ஜீப்பில் பால்பாண்டியைக் கொண்டுவந்து இறக்கினார்கள். குடல்வால் வெடிக்கிற நிலை. டாக்டர் கை கழுவப் போய்விட்டார். கூட வந்தவள் பெண்டாட்டி ராக்கு.

"எப்பம்மா சாப்பிட்டாரு?"

"எங்க சாப்பிட்டாரு? நேத்திலருந்து பட்டினி, நர்சம்மா."

ரெண்டு டூட்டி சேர்ந்தாற்போல் பார்த்து மாயக்காளுக்குக் கால் வீங்கிக் கிடந்தது. எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். பேனாவைக் கீழே வைத்தாள்.

"சோத்தக் கேக்கல ஆத்தா. வாய்க்குள்ள என்ன போச்சு?"

"ஒண்ணும் போகல. கப்பக்கெழங்கு ரெண்டு துண்டு, பால் ஊத்தாத கட்டன்சாயா. அதெல்லாம் சாப்பாடா?"

"எப்ப?"

"ஜீப்பு ஏறுறப்ப, பதினோரு மணி இருக்கும். வெறும் வயித்தோட மலை எறங்கக் கூடாதுன்னு நாந்தான் ஊட்டுனேன்."

மணி ஒன்றே கால். எழுதிக்கொண்டு உள்ளே போனாள்.

"சார், வயித்துல மரவள்ளிக்கெழங்கு கெடக்கு."

"பட்டினின்னு சொன்னாங்களே?"

"அவுகளுக்குச் சோறு மட்டுந்தான் சாப்பாடு, சார்."

டாக்டர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "வெரசா குழாயப் போடு."

மூக்கு வழியே விட்ட குழாயில், கிழங்கு கரைந்த சாயா அரைக் கிண்ணம் வந்தது. அதற்கப்புறம்தான் மயக்கம் கொடுத்தார்கள்.

நாலு மணிக்குப் பால்பாண்டி கட்டிலில் முனகிக்கொண்டு கிடந்தான். ராக்கு மாயக்காளின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"தாள்ல கெழங்குன்னா எழுதுனீக?"

"ஆமா."

"பொண்டாட்டி சோறு பொங்கலேன்னுல்ல நெனப்பாக. சோறுன்னு மாத்திருங்க."

"மாத்தக் கூடாது ஆத்தா. இன்னைக்கு அவருக்கு எதுவும் குடுத்துராத."

"கஞ்சித்தண்ணி?"

"கூடாது."

"வெந்நி? அது வெறும் தண்ணிதான?"

டூட்டி முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மாயக்காள் செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டிலோரம் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.