ஆயிரத்து நானூற்று ஏழாவது வெற்றி

போர்க்கலையின் ரகசியம் உலகத்தில் மூன்றே பேருக்குப் பிடிபட்டது; அதில் இரண்டு பேர் செத்துவிட்டார்கள். இதைச் சொன்னவர் துணிக்கடை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் போரிட்டதெல்லாம் கேசட் போட்டு ஓட்டும் பழைய கம்ப்யூட்டரில், செய்தவர்களே மறந்துபோன 'இரும்பாறு' என்ற விளையாட்டில். தளபதி என்ற பட்டத்தையும் அவரே சூட்டிக்கொண்டார்.

அன்று பழைய கம்ப்யூட்டர் சங்கத்தின் தலைவர் தேர்தல். முதலில் தளபதி ஆடிக் காட்டுவார், பிறகு ஓட்டு. தலைவராகாவிட்டால் தான் வாழ்ந்ததே வீண் என்று வீட்டில் மூன்று மாதமாகப் புலம்பியிருந்தார். மனைவி மறுக்கவில்லை.

ராசி என்று வீட்டு டிவியையே சங்கக் கூடத்துக்குத் தூக்கி வந்திருந்தார். திரையின் கீழ் ஓரத்தில், டிவி வாங்கிய முதல்நாளே அவர் ஒட்டிய வெற்றிக் கணக்குச் சீட்டு: 1406.

கேசட் ஆறு நிமிடம் கீச்சிட்டது. படை தோன்றியது. தளபதி ஜாய்ஸ்டிக்கை வலப்பக்கம் சாய்த்தார். படை இடப்பக்கம் போனது.

"என்ன சார், எதிர்ப்பக்கமா போறாங்க?" என்றார் எதிர் வேட்பாளரான பல் டாக்டர்.

"உத்தரவு களத்துக்குப் போய்ச் சேர வேணாமா? பல்லு புடுங்கறதுன்னு நெனச்சீங்களா?"

மேசைக்குப் பின்னால் ஒயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவன் அவருடைய மச்சான், ரேடியோ மெக்கானிக். இயந்திரத்தில் ஜாய்ஸ்டிக்குக்கு இரண்டு துளைகள். தளபதியின் ஒயர் இரண்டாவதில் இருந்தது. மச்சான் அதை மெல்லப் பிடுங்கினான். படை ஆற்றைக் கடந்தது.

"பாலத்தை விட்டேனா பாருங்க! விடுவேனா!" தளபதிக்கு வியர்த்து ஊற்றியது. பல் டாக்டர் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டார்.

கோட்டை விழுந்தது. "பத்தொன்பது நிமிஷம்! முப்பத்தெட்டு வருஷமா கூடினதில்ல, குறைஞ்சதில்ல!" சீட்டில் 1407 என்று திருத்திவிட்டுத் திரும்பினார். மச்சான் பிடுங்கிய ஒயரின் பிளக்கால் காது குடைந்துகொண்டிருந்தான்.

"அத்தான், இது ரெண்டாவது ஆளோட துளையில இருந்துச்சு. கம்ப்யூட்டர் தானா ஆடிக்குது. நீங்க சும்மா கூட உக்காந்து இருந்திருக்கீங்க, அவ்வளவுதான்."

கூடம் குலுங்கிச் சிரித்தது. தளபதி, தனக்கு ஓட்டுப் போடவென்றே சங்கத்தில் சேர்த்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்த மனைவியைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

"கல்யாணமான மூணாம் மாசமே தெரியும்."

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா அதை நிறுத்திட்டு எங்கிட்ட பேச வந்துடுவீங்களே."

மச்சான் ஒயரை முதல் துளையில் சொருகினான். "இப்ப ஆடுங்க அத்தான்."

தளபதி பொத்தானை அழுத்தி, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு படையை நடத்தினார். நாற்பது வினாடியில் குதிரைகள் உட்பட எல்லாரும் ஆற்றில் மூழ்கினார்கள்.

கை தூக்கச் சொன்னபோது மனைவியும் பல் டாக்டருக்கே தூக்கினாள்.

டிவியை மூட்டை கட்டப் போகும்போது சீட்டு கழன்று விழுந்தது. திரையில் படை மறுபடி தானாக ஆற்றைக் கடந்துகொண்டிருந்தது. சீட்டு இருந்த இடத்தில், 'இது வெறும் மாதிரி ஆட்டம். விளையாடப் பொத்தானை அழுத்தவும்' என்று எழுதியிருந்தது.